கால்காரி

என் தங்கை தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுத்தான் திறப்பாள். உள்ளே ஈ காக்காய் இருக்காது. இருந்தாலும் இரண்டு தட்டு தட்டி, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் சாவியைப் போடுவாள். கேட்டால் பழக்கதோஷம் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொழில் அப்படி. அவள் மனநல சிகிச்சையாளர். அடிபட்டு, பயந்து, தூக்கம் போய் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது வேலையில் ஒரு பாதி. அப்படிப்பட்டவர்களை மேற்கொண்டு நோகடிக்காமல் எப்படி நடத்துவது என்று நர்ஸ்களுக்கும் வார்டு ஆட்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வகுப்பெடுப்பது மறுபாதி. கதவைத் தட்டு, உன் பெயரைச் சொல், என்ன செய்யப்போகிறாய் என்று சொல், தொடலாமா என்று கேள், வேண்டாமென்றால் நிறுத்து. இதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரிகளில் அவளுக்குப் பஞ்சுக்குரல் என்று பட்டப்பெயர். குரல் அப்படி இருக்கும். மூக்கை விடைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவன்கூட அந்தக் குரலைக் கேட்டால் நாற்காலியைத் தேடுவான்.

நான் தையல்காரி. என் குரல் தையல் மெஷினுக்கு மேலே கேட்கவேண்டிய குரல். ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவளுடைய அறை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டும் ஒரே உயரம். வருகிறவருக்குக் கதவுக்குப் பக்கத்து நாற்காலி, எழுந்து ஓட நினைத்தால் யாரும் குறுக்கே இருக்கக்கூடாது என்பதற்காக. டிஷ்யூ பெட்டி கைக்கெட்டும் இடத்தில், ஆனால் கண்ணுக்கு நேராக இல்லை. நேராக வைத்தால் 'அழு' என்று சொல்வது மாதிரி ஆகிவிடுமாம். ஜன்னல் திரையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். நாலு தடவை திருப்பி அனுப்பினாள். துணியின் நிறம் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறது, கம்பியில் வளையம் உரசுகிற சத்தம் அதிகம், இப்படி ஒவ்வொன்றாக. என் கடைக்கு வருகிற கல்யாணப் பெண்கள்கூட அவ்வளவு படுத்தியதில்லை.

வேலையில் கெட்டிக்காரிதான், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு பஸ் டிரைவர், விபத்துக்குப் பிறகு காலில் பெரிய காயத்தோடு வார்டில் கிடந்தார். கட்டை அவிழ்க்க யாரையும் விடவில்லை. தட்டைத் தூக்கி எறிவார், கடிக்கவே போவார். இவள் தினமும் போய் வாசலில் நின்று, "இன்னைக்கு உள்ள வரலாமா?" என்று கேட்பாள். "வேணாம்" என்பார். "சரி" என்று திரும்பிவிடுவாள். டாக்டர்களுக்கு எரிச்சல். கடைசியில் ஒரு நாள் அவரே, "தினமும் வந்து கேட்டுட்டுப் போறீங்களே, வந்து தொலைங்க" என்று சொல்லிக் காலை நீட்டினார். அந்தக் கால் பிழைத்தது. இன்றைக்கும் அவர் சட்டை தைக்கக் கொடுக்க வந்தால், "உங்க தங்கச்சி மனுஷியே இல்லைங்க, தெய்வம்" என்பார். இருக்கட்டும். தெய்வத்தோடு ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கைக்கு ஒரே மகள். புருஷன் பாதியிலேயே கழன்றுகொண்டவர், அவரைப் பேசி என் வாயை வீணாக்கமாட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தச் சின்னது ஒன்றுதான்.

சின்னதுக்கு ஒன்பது வயதில் கொதிக்கிற வெந்நீர் கவிழ்ந்து இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் தினமும் கட்டைப் பிரித்துக் கழுவி மறுபடி கட்டவேண்டும். வலிக்கு அவர்கள் கொடுத்த மருந்து ஊசிமுனைக்குக்கூடக் காணாது. குழந்தை திமிறும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். தன் உடம்பைப் பார்த்துப் பயப்படக்கூடாது என்று முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். அதை ஒரு உபகாரமாக நினைத்துத்தான் செய்தார்கள்.

"என்னை உள்ளயே விடலடா கண்ணு, நான் கதவுக்கு வெளியதான் நின்னுட்டு இருந்தேன்" என்று என் தங்கை ஒவ்வொரு நாளும் கட்டு முடிந்த பிறகு வந்து மகளைத் தேற்றுவாள். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு அங்கிருந்தவர்களில் ஒருத்தியைக் கண்டால் ஆகாது. கண்டால் என்பது தப்பு, அவள் அந்த ஆளைக் கண்டதே இல்லை. காலைப் பிடிக்கிற கை. மற்றவர்களாவது 'அவ்வளவுதான் பாப்பா', 'முடிஞ்சுது பாப்பா' என்று ஏதாவது பேசுவார்கள். காலைப் பிடிக்கிறவள் மட்டும் மூச்சுகூட விடமாட்டாள். அவளுக்குக் குழந்தை வைத்த பெயர் கால்காரி. "பெரியம்மா, கால்காரிதான் ரொம்ப மோசம். அவ மனுஷியே இல்ல. அம்மாவைக் கூப்பிடுங்கன்னு கத்துறேன், அவ இன்னும் இறுக்கிப் பிடிக்கிறா" என்று என் மடியில் படுத்துச் சொல்லும். என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் கெட்ட கனவென்றால் கால்காரி வந்தாள் என்றுதான் எழுந்து உட்காரும். அந்தப் பெயர் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

புண் ஆறியது. சின்னது வளர்ந்தது. என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டால், "கட்டுப் போடுற இடத்துக்குத்தான், அங்க நின்னு பேசிக்கிட்டே பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொல்லி நர்ஸ் ஆனது. முதல் வேலை கிடைத்த ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் ஒரு பயிற்சியில் உட்காரவேண்டும் என்று சட்டம். பயிற்சி கொடுக்கிறவள் வேறு யார், இவள்தான். அம்மாவும் மகளும் அன்றைக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். போகும்போது என் கடை வாசலில் நின்று காட்டிவிட்டுப் போனார்கள். நான் தைத்த சீருடை அவளுக்கு எடுப்பாக இருந்தது. இரண்டு பேர் முகத்திலும் பூரிப்பு வழிந்தது.

பயிற்சி மண்டபத்தில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தை மாறவில்லை.

மத்தியான டீ முடிந்ததும் ஒரு கதை சொல்வது என் தங்கையின் வழக்கம். அந்தக் கதைக்குத்தான் கூட்டம் உருகும் என்று பெயர். ஒரு பையன், பன்னிரண்டு வயது, வேறு ஏதோ ஊர், அடுப்பிலிருந்து எண்ணெய் தெறித்த காயம். சிகிச்சைக்கு வருகிறவர்களின் கதையைச் சொல்வதென்றால் ஆண், பெண், வயது, ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லவேண்டும், சொந்தக்காரனே கேட்டாலும் தன் கதையென்று தெரியக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. அப்படி மாற்றித்தான் சொன்னாள். அந்தப் பையனுக்குக் கட்டுப் போடும்போது ஒரு ஆள் குறைந்தது. நர்ஸ் வெளியே வந்து, "நீங்களே வந்து காலைப் பிடிங்க" என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்பாதான் பிடித்தார். முகத்தில் துண்டு. தான் என்று தெரிந்தால் பிள்ளையின் மனசு உடைந்துபோகும் என்று வாயைத் திறக்கவேயில்லை. பையன் 'அப்பாவைக் கூப்பிடுங்க' என்று கத்துகிறான். அப்பா இறுக்கிப் பிடிக்கிறார். பிறகு வெளியே போய்க் கையைக் கழுவி, உள்ளே வந்து, 'என்னை உள்ளயே விடலடா' என்கிறார்.

"அந்தக் கைக்கு அந்தப் பையன் ஒரு பேர் வச்சிருந்தான்" என்று சொல்லி நிறுத்தினாளாம் பஞ்சுக்குரல். "கால்காரன்."

மண்டபமே மூக்கை உறிஞ்சியது. மூன்றாவது வரிசையில் சின்னது எழுந்து நின்றது.

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

"தாராளமா."

"கால்காரன் தான்தான்னு அந்த அப்பா பையன்கிட்ட எப்போ சொன்னாரு?"

அவள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் இல்லை. பார்த்துக்கொண்டே, அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னாள். "நல்ல கேள்வி. இன்னும் சொல்லல. அவர் இன்னும் அதுக்குத் தயாராகல. அந்த அப்பாவையும் நாம கருணையோடதான் பார்க்கணும்."

சின்னது உட்கார்ந்தது. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து, வேறு பஸ் பிடித்து நேராக என் கடைக்கு வந்தது. நான் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, கால்காரி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாரோ ஒரு நர்ஸ். இப்போ எதுக்கு அந்த மூதேவி பேச்சு?"

"அம்மா."

முதலில் எனக்குப் புரியவில்லை, அம்மா ஞாபகம் வந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது நாடா எங்கே போனது என்றே தெரியவில்லை. பெண் அழவில்லை. அன்றைக்கு இரவு என் வீட்டிலேயே படுத்தாள். அடுத்த வாரம் நர்ஸ்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட்டாள்.

நான் சும்மா இருப்பேனா. என் தங்கையின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றேன்.

"பிடிச்சியே, அதை நான் கேக்கல. பிள்ளை பிழைக்கணும்னு பிடிச்சிருப்ப. அம்மா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி?"

"பேசினா அழுதுடுவேன்கா. அழுதா கை தளர்ந்துடும். கை தளர்ந்தா அவ திமிறுவா, புண்ணு கிழியும்."

அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"சரி. அப்புறம் சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷத்துல? ஊரான்கிட்ட எல்லாம் சொல்லியிருக்க, அவகிட்ட சொல்லல."

"அவகிட்ட சொல்ல முடியல. ஊரான்கிட்ட சொல்ல முடிஞ்சுது."

"பொண்ணைப் பையனாக்கின, வெந்நீரை எண்ணெயாக்கின, உன்னை ஆம்பளையாக்கின. எல்லாத்தையும் மாத்தினவ அந்தப் பேரை மட்டும் ஏன்டி விட்டு வச்ச? அவ எதிர்ல உக்காந்திருக்கான்னு தெரியும்தானே?"

என் தங்கை ரொம்ப நேரம் யோசித்தாள். யோசித்து, உண்மையைத்தான் சொன்னாள்.

"அதை எடுத்துட்டா கதை நிக்கலக்கா."

என் கை ஓங்கிவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். அவள் நகரவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. "உன் கோபம் நியாயம்தான்" என்றாள். அந்தக் குரலிலேயே சொன்னாள். அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் இரண்டு பேருக்கும் நடுவில் நடையாய் நடந்தேன். விடுதிக்குப் போவேன், சின்னது டீ வாங்கிக் கொடுக்கும், வேலையைப் பற்றிப் பேசும், அம்மா என்றால் வாயை மூடிக்கொள்ளும். இங்கே வந்தால் இவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். மகள் அறையின் கதவை வெளியே நின்று தட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஆள் இல்லாத அறை. உடம்பு பாதியாகிவிட்டது. கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பெற்றவள் இல்லையா.

கடைசியில் சின்னது இறங்கி வந்தது. "பெரியம்மா, மன்னிப்பெல்லாம் அவங்க கேக்க வேணாம். அதையும் அழகாக் கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு. என் கதையை இனிமே எந்தக் கூட்டத்துலயும் சொல்லக்கூடாது. அது மட்டும் போதும். நான் வீட்டுக்கு வந்துடுறேன்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். என் தங்கை முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தெரிந்து குரல் உடைந்து அவள் அழுதது அன்றைக்குத்தான். "சொல்லமாட்டேன்கா. சத்தியமா சொல்லமாட்டேன். அவ வந்தாப் போதும்" என்றாள். என் கண் எதிரிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கதை வருகிற பக்கங்களை எல்லாம் அழித்தாள்.

ஆனால் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுமக்களுக்கான பயிற்சி இருந்தது. பெற்றோர், வாத்தியார்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். "நீங்க போய் உக்காருங்க பெரியம்மா. அவங்க சொல்லலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் உங்க கடையிலயே இருக்கேன், அங்கேயிருந்து நேரா வீட்டுக்குப் போயிடுறேன்" என்றது. இரண்டு பையோடு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. கடையை அவளிடம் விட்டுவிட்டு நான் போனேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் தங்கை என்னைப் பார்த்துவிட்டாள், லேசாகத் தலையசைத்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஒரு வேன் டிரைவரைக் கூப்பிட்டு, அழுகிற பிள்ளையை வேனில் ஏற்றுவது எப்படி என்று நடித்துக் காட்டச் சொன்னாள். அவர் ஒரு வாத்தியாரைத் தரதரவென்று இழுக்க, கூட்டம் சிரித்து உருண்டது. எனக்கே சிரிப்பு வந்தது. டீ வந்தது. டீ முடிந்தது.

"வழக்கமா இந்த இடத்துல ஒரு கதை சொல்வேன்" என்றாள். "இன்னைக்கு அதைச் சொல்லப்போறதில்ல. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். கைப்பையில் போனைத் தேடினேன்.

"அதுக்குப் பதிலா வேற ஒருத்தங்களைப் பத்திச் சொல்றேன். ஒரு அம்மா. பாட்டு வாத்தியார். ரொம்ப வருஷமா ஒரு தப்பை உள்ளயே வச்சிருந்தாங்க. ஒரு நாள், வகுப்பு நடுவுல, மூணாவது வரிசையில இருந்து அவங்க மகனே எழுந்து நின்னு ஒரு கேள்வி கேட்டான்."

போனைத் தேடிய கை பைக்குள்ளேயே நின்றது. அவள் நிறுத்தவில்லை. காலியான அறைக் கதவைத் தட்டியது வந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது வந்தது. நடுவில் தூது போன ஒரு சொந்தக்காரி வந்தாள், கொஞ்சம் வாய்த்துடுக்கு, மனசு தங்கம். மகன் போட்ட நிபந்தனைகூட வந்தது. "மன்னிப்பு கேக்க வேணாம், அதையும் அழகாக் கேப்பீங்கன்னு அந்தப் பையன் சொல்லி அனுப்பினான்" என்றாள். நான் அவளிடம் ஒப்பித்த வார்த்தை. முன்வரிசையில் ஒரு அம்மா விம்மி அழுதாள். வேன் டிரைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தானா மேடம்?" என்று அவரே கேட்டார்.

என் தங்கை சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"இன்னைக்கு வரான்" என்றாள்.

மண்டபமே எழுந்து கைதட்டியது.

நான் வராந்தாவுக்கு வந்தேன். போனை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பொய். 'சொல்லலம்மா, கிளம்பு' என்று சொன்னால் முடிந்தது. அவள் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள், இவள் கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்கும். என் நாக்கு அந்தப் பொய்க்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் இன்னொரு துண்டைப் போட எனக்கு மனசு வரவில்லை. கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"சொன்னாங்களா?"

"பழைய கதையைச் சொல்லலம்மா."

"பெரியம்மா."

"அதுக்கப்புறம் நடந்ததைச் சொன்னா. நீ கேட்ட கேள்வி, நீ விடுதிக்குப் போனது, என்கிட்ட சொல்லி அனுப்பினது. எல்லாம்."



"நான் வரேன்னதையுமா?"

"ஆமா."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"அப்போ நான் வந்துட்டதாவே இருக்கட்டும் பெரியம்மா. அவங்களுக்கு அது போதும்" என்றாள். கோபமே இல்லை குரலில். கடையைப் பூட்டி சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அந்த நீலத் துணிக்குப் பட்டன் போதவில்லை என்றும் சொன்னாள். வைத்துவிட்டாள்.

என் தங்கை ஆட்கள் சூழ வெளியே வந்தாள். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"பார்த்தியா, சொல்லவே இல்ல" என்றாள்.

"என்னடி சொல்லவே இல்ல? அத்தனையும் கொட்டினியே."

"அது அவ கதை இல்லக்கா. அது எனக்கு நடந்தது. ஒரு அம்மாவா நான் பட்டது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" நடிக்கவில்லை. மனசார நம்பித்தான் சொன்னாள். அப்புறம் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் படிப்பதுதானே அவள் பிழைப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டாளா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவள் அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. பாவமாக இருந்தது, என் கூடப்பிறந்தவள்தானே. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பஞ்சுக்குரலில் கேட்டாள்.

"என்னக்கா சொன்னா? அப்படியே சொல்லு. அவ வார்த்தையிலயே சொல்லு."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "போனை வச்சுட்டா."